அத்தான் வெட்டிய பதினைந்து வீதம்

வட்டக்கச்சிச் சந்தியில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நின்ற பெண்களுக்கு நடுவில் சுமித்திராவைக் கண்டதும் லக்சிகா ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைத்தாள். காணாததுபோலப் போய்விடத்தான் முதலில் நினைத்தாள். ஆனால் சுமித்திரா கண்டுவிட்டாள். கண்டும் சிரிக்கவில்லை.

போன கிழமை சுமித்திரா வேலையை விட்டதும், அதற்காக லக்சிகா அவளோடு முகத்தை முறித்துக்கொண்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

லக்சிகாவின் அக்கா யதுர்ஷிகாவின் கணவர் குகதாசன். கிளிநொச்சி நகரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அதோடு இன்னொரு தொழிலும் உண்டு. கனடாவில் வீடு விற்றுக்கொடுக்கிற கொம்பனிகள் எடுத்த படங்களை இன்டர்நெட்டில் வாங்கி, ஏழு பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே அந்தப் படங்களைத் திருத்திக் கொடுக்க வேண்டும். மங்கிய வானத்தை நீலமாக்க வேண்டும். முற்றத்தில் கிடக்கிற குப்பைத்தொட்டியை அழிக்க வேண்டும். காய்ந்த புல்லைப் பச்சையாக்க வேண்டும். மாத முடிவில் காசை உறையில் போட்டு, ஒவ்வொருவர் கையிலும் தானே கொண்டுவந்து கொடுப்பார்.

இந்த வருசச் சித்திரையில் சட்டம் மாறியது. வெளிநாட்டுக்கு வேலை செய்து கிடைக்கும் வருமானத்துக்கு அதுவரை இல்லாத வரி வந்தது. அந்த மாதமே உறையில் நூற்றுக்குப் பதினைந்து குறைந்தது. அரசாங்கம் வெட்டுகிறது, நான் என்ன செய்ய என்று கையை விரித்தார் குகதாசன். பெண்கள் புறுபுறுத்தார்கள். அவர்களை அடக்கி வைத்தது லக்சிகாதான். சட்டம் சட்டம்தான், அத்தான் தன் பொக்கற்றிலா போடுகிறார் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள்.

சுமித்திரா மட்டும் கேட்கவில்லை. பாரதிபுரத்தில் ஓலை வேலிக்குள் இரண்டு அறை வீடு. நாலு வயது மகள். கணவன் தர்ஷனுக்கு மணல் ஏற்றுகிற நாட்களில்தான் உழைப்பு. கையில் வருகிறதில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் போனால் கரண்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் கட்டியது போக எதுவும் மிஞ்சவில்லை என்று சொல்லி நின்றுவிட்டாள்.

லக்சிகா ஸ்கூட்டியை நிறுத்தினாள். மகள் எங்கே என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன், விடிய ஐந்து மணிக்கே அழத்தொடங்கிவிட்டாள் என்றாள் சுமித்திரா.

"வீட்டில இருந்து செய்யிற வேலையை விட்டிட்டு இப்பிடிப் பஸ் ஏறுறியே."

"என்ன செய்யிறது அக்கா. இங்க சம்பளம் குறைவுதான். ஆனா யாரு எவ்வளவு வெட்டுறாங்கன்னு எழுதிக் குடுக்குறாங்க. அங்க அதுவும் இல்லையே."

பஸ் வந்தது. சுமித்திரா சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. லக்சிகாவுக்கு அந்தச் சொல் செருப்பில் ஏறிய முள்ளுப்போல வழி நெடுகக் குத்தியது.

அவள் போய்க்கொண்டிருந்ததும் வரி விசயமாகத்தான். நகரத்துச் சிறுதொழில் சங்கத்துக்குக் குகதாசன் செயலாளர். மாறிய வரிச் சட்டங்களைப் பற்றி விளக்கம் சொல்ல வரித் திணைக்களத்திலிருந்து ஓர் அதிகாரியைக் கூப்பிட்டிருந்தார்கள். கதிரைகள் வெறுமையாகக் கிடந்தால் சங்கத்துக்கு அவமானம், பிள்ளைகள் எல்லாரும் வந்து இருங்கோ என்று முதல்நாள் குகதாசன்தான் போன் எடுத்துச் சொல்லியிருந்தார்.

கதிரைகள் ஒன்றும் வெறுமையாகக் கிடக்கவில்லை. லக்சிகா போன நேரம் மண்டபத்தில் நிற்கவே இடம் தட்டுப்பாடு. நடுவரிசையில் யாரோ நெருங்கி இருந்து அவளுக்கு இடம் விட்டார்கள். பலசரக்குக் கடைக்காரர், தையல்காரர், ஓட்டோ வைத்திருப்பவர்கள், வீட்டில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கிற பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஐப்பசி மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறிச் சனத்தின் குரல் கேட்டது.

மேடையில் குகதாசன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நடுவில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், விளக்கம் சொல்ல வந்த அதிகாரி. அனோஜா என்று பெயர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவ பேசத் தொடங்கிப் பத்து நிமிசம் ஆகவில்லை, சனம் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது.

முதலில் எழும்பியவர் நெல் ஆலை வைத்திருக்கும் தங்கராசா. விற்பனைத் தொகைக்குப் போடுகிற வற் வரிக்குப் பதிய வேண்டிய எல்லை கீழே கீழே வந்துகொண்டிருக்கிறது, அடுத்த முறை தன் ஆலையையும் வந்து தொடும் என்றார். நெல் விலையோ தவிட்டு விலையோ தன் கையில் இல்லை. கரண்டுக் கட்டணம் தன் கையில் இல்லை. மூட்டைக்கு மிஞ்சுகிற காசு போகப் போகக் குறைகிறது. ஆனால் கைக்கு வந்துபோகிற தொகையைப் பார்த்துத் தன்னைப் பெரிய முதலாளி என்று எழுதிவிடுவார்களாம்.

"கொழும்பில பெரிய ஆக்களுக்குக் கணக்காளர் இருக்கினம், சட்டத்தரணி இருக்கினம். நான் மில்லை ஓட்டுறதோ, கொம்பியூட்டருக்கு முன்னால குந்தியிருக்கிறதோ?" என்று அவர் கேட்டபோது மண்டபம் கைதட்டியது.

அடுத்து சலூன் வைத்திருக்கும் ரூபன். எப்போதும் பகிடி விடுகிறவன், எழும்பியதும் சிரிக்கவைப்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"நான் தீப்பெட்டி வாங்கினாலும் வரி. பிளேட் வாங்கினாலும் வரி. போனுக்குக் காட் போட்டாலும் வரி. இதெல்லாம் கட்டிப்போட்டுத்தான் இஞ்ச நிக்கிறன். பிறகேன் டிவியில வாற ஆக்கள் எங்களை வரி கட்டாத கூட்டம் எண்டு சொல்லுகினம்?"

அனோஜா அவசரப்படவில்லை. கோபம் நியாயம்தான், சட்டம் நான் எழுதவில்லை, ஆனால் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாக இருப்பதையும் தெரியாமல் விட்டுவிடாதேங்கோ என்றா. வரி இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. இலக்கம் எடுத்தவர்கள் எல்லாரும் வரி கட்ட வேண்டும் என்றில்லை. எத்தனையோ பேர் தேவையில்லாத பயத்தில், தேவையில்லாத ஆட்களுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றா.

லக்சிகா அதைக் கேட்டதும் நிமிர்ந்து இருந்தாள். கேட்க வேண்டும் என்று அவள் வரவில்லை. ஆனால் காலையில் சுமித்திரா சொன்னது உள்ளே கிடந்து உறுத்தியது. கையைத் தூக்கினாள். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுக்க, எழும்பி நின்றாள்.

வீட்டிலிருந்து வெளிநாட்டுப் படங்கள் திருத்துகிற வேலை செய்வதாகவும், சித்திரையிலிருந்து பதினைந்து வீதம் வரி வெட்டுகிறார்கள் என்றும், அதைக் கொஞ்சமாவது திருப்பி எடுக்க வழி இருக்கிறதா என்றும் கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அனோஜா பேனையைக் கீழே வைத்தா.

"தங்கச்சி, மாசம் உங்கட கையில எவ்வளவு வரும்?"

"அறுபது. சில மாசம் அறுபத்தஞ்சாயிரம்."

"வேற வருமானம்?"

"இல்லை மிஸ்."

"அப்ப நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. வருசத்துக்குப் பதினெட்டு லட்சம் வரைக்கும் ஆருக்கும் வருமான வரி இல்லை. மாசம் ஒண்டரை லட்சம். நீங்கள் அதில அரைவாசியும் உழைக்கேல்லை. அந்தப் பதினைஞ்சு வீதம் வெளிநாட்டுக் காசு ஆரின்ர கணக்குக்கு வருதோ, அந்த ஆளின்ர வருமானத்துக்கு. அதுவும் விலக்குப் போக மிஞ்சினதுக்கு. உங்களுக்கு ஆர் வெட்டுறது?"

லக்சிகாவோடு வேலை செய்கிற பெண்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் தன் முதுகைத்தான் பார்க்கிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. அவள் மேடையைப் பார்த்தாள். குகதாசன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதறவில்லை. ஒரு சின்னச் சிரிப்போடு தன் முன்னால் இருந்த மைக்கை இழுத்தார்.

"மிஸ், உவ என்ர மச்சாள். வேலை என்ர மூலமாத்தான் நடக்குது. உள்ளுக்கு ஒரு கணக்கு முறை இருக்கு. அவவுக்கு விளங்கேல்லைப் போல. நான் வீட்டில விளங்கப்படுத்துறன்."

மச்சாள் என்றதும் முன்வரிசையில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். தங்கராசாவும் சிரித்தார். சற்றுமுன் வயிறெரிந்து பேசிய மனிதர்தான். அடுத்த கேள்வி யாருடையது என்று குகதாசன் கேட்டார். மைக்கை லக்சிகாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் நின்றபடியே நின்றாள். இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஏழு மாதம். ஆறு வீட்டுப் படலையைத் தட்டி, சட்டம் சட்டம் என்று சொன்ன வாய் அது. இன்றைக்கு அந்தச் சட்டம் தங்கள் பக்கம் நிற்கிறது என்று தெரிந்த நிமிசமே, விளங்காதவள் என்று நாலுபேருக்கு முன்னால் அத்தான் சொல்லிவிட்டார்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கிற நேரம், மண்டபத்தின் பின்பக்கத்தில் குகதாசனைப் பிடித்தாள். அவர் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு நின்றார்.

கோபிப்பார் என்று நினைத்தாள். அவர் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. நிதானமாக நியாயம் சொன்னார். முன்பு ஒரு சதம் வரி இல்லை. இன்று சட்டம் மாறிவிட்டது. இரும்புக்கடையில் வியாபாரம் படுத்துவிட்டது, சீமெந்து வாங்குகிற சனம் இல்லை. இந்த நேரத்தில் படவேலைக்கும் வரி என்றால் தான் ஒருவன் எப்படிச் சுமப்பது? எல்லாரும் சேர்ந்து உழைக்கிற தொழில், எல்லாரும் சேர்ந்துதான் தாங்க வேண்டும் என்றார்.

"லாபத்தையும் எல்லாரும் சேர்ந்துதானே எடுக்கவேணும் அத்தான்? அதில எங்களுக்குப் பங்கு தந்தனீங்களோ?"

"நீ இப்ப ஆவேசத்தில கதைக்கிறாய்."

"உங்கட வரியை எங்கட தலையில கட்டினனீங்கள். கட்டினதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அரசாங்கம் வெட்டுது எண்டு பொய் சொன்னனீங்கள். நான் அந்தப் பொய்யை ஊரெல்லாம் காவித் திரிஞ்சனான். சுமித்திரா பிள்ளையைப் பக்கத்து வீட்டில விட்டிட்டு இண்டைக்கு விடியப் பஸ் ஏறுறாள்."

குகதாசன் பழத்தோலை வாளிக்குள் போட்டார். கையைத் துடைத்தார். அந்தக் காசை அரசாங்கத்துக்குக் கட்டினீங்களோ என்று லக்சிகா கேட்டாள். குகதாசன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"கிளிநொச்சியில வேலையில்லாத பிள்ளையள் எத்தினை பேர் இருக்கினம் தெரியுமோ? நாளைக்குக் கூப்பிட்டால் பத்துப்பேர் வருவினம். நீ கெட்டிக்காரி. யோசிச்சு நட. அதோட உன்ர அக்காவையும் ஒருக்கா நினைச்சுப் பார்."

சொல்லிவிட்டு, அனோஜாவை வழியனுப்ப நடந்துவிட்டார்.

லக்சிகா ஸ்கூட்டியடிக்குப் போக முன்பே போன் அடித்தது. அம்மா இராசேஸ்வரி. குகதாசன் முந்திவிட்டார் என்று அம்மாவின் முதல் சொல்லிலேயே தெரிந்தது.

அம்மா நீளமாகக் கதைத்தா. சபை நடுவில் மருமகனைத் தலைகுனிய வைத்துவிட்டாயாமே என்றா. வயல் விதைக்க டிரக்டர் பிடித்துத் தந்தது யார், அப்பாவை வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது யார் என்று கேட்டா. ஒன்பதாயிரம் பெரிதா, அக்காவின் குடும்பம் பெரிதா என்றா. பெட்டைப்பிள்ளைக்கு வீட்டுக்குள் இருந்து செய்ய ஒரு வேலை கிடைத்ததே பெரிய காரியம் என்றா.

"அம்மா, அது அவர் தந்த காசில்லை. நாங்கள் உழைச்ச காசு."

"எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. வீட்டுக்குள்ள தீர்த்துக்கொள்ளுறதை வீதிக்குக் கொண்டு போகாதை."

வீட்டுக்குள் தீர்ப்பதென்றால் யார் வீட்டுக்குள் என்று கேட்க நினைத்தாள். மற்ற ஆறு பெண்களும் எந்த வீட்டுக்குள் போய்த் தீர்ப்பார்கள்? கேட்கவில்லை. போனை வைத்தாள். பின்வரிசைப் பெண்கள் மழையில் நனைந்தபடி கேற்றடியில் அவளுக்காகக் காத்துநின்றார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. அக்கா, இனி என்ன செய்யப்போறியள் என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். அந்த அதிகாரியிடமே எழுத்தில் முறைப்பாடு கொடுப்போம், எல்லாரும் கையெழுத்து வைப்போம் என்றாள் லக்சிகா. சொன்ன பிறகுதான் அக்காவின் முகம் அவளுக்கு நினைவு வந்தது. முறைப்பாடு கொடுப்பதற்கு முன் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வேறு யாரும் சொல்லி அவள் அறியக்கூடாது.

யதுர்ஷிகாவின் வீடு கனகபுரம் பக்கம். மழையோடு மழையாக லக்சிகா போய் இறங்கினாள். அக்கா குசினிக்குள் பயறு வறுத்துக்கொண்டு நின்றாள். குழந்தை ஏணையில் நித்திரை. துவாயை எறிந்து தலையைத் துடை என்றாள். கூட்டத்தில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கணவன் அவளுக்குப் போன் எடுக்கவில்லை. மாமிக்கு எடுத்தவர், மனைவிக்கு எடுக்கவில்லை.

லக்சிகா ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். யதுர்ஷிகா அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள். முதலில் கணவனுக்காகத்தான் பேசினாள். அவர் பாவம், கடைக் கடன், நித்திரையில்லாமல் திரிகிறார் என்றாள். கேட்டால் தந்திருப்பாரே, சபையில் கேட்டிருக்க வேண்டுமா என்றாள். லக்சிகா வாதாடவில்லை. நாளைக்குப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அத்தானின் பேரில் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள்.

யதுர்ஷிகாவின் கை சட்டியின் விளிம்பில் நின்றது.

"அவற்ற பேரில குடுக்கேலாது."

"ஏன்?"

"அந்தத் தொழில் அவற்ற பேரில இல்லை. என்ர பேரில."

லக்சிகா விளங்காமல் பார்த்தாள். யதுர்ஷிகா குசினி வாசற்படியில் இருந்தாள். இருந்துகொண்டு மெல்லச் சொன்னாள்.

சட்டம் மாறப்போகிறது என்று தெரிந்ததுமே குகதாசன் அதைச் செய்துவிட்டார். இரும்புக்கடை ஒருவர் பேரில், படவேலை இன்னொருவர் பேரில் இருந்தால் வரி விலக்கு இரண்டு பேருக்கும் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொழிலை மனைவி பேரில் பதிந்தார். வங்கிக் கணக்கும் அவள் பேரில். கனடாக் காசு வருவது அந்தக் கணக்குக்குத்தான்.

"நான் பள்ளிக்கூடத்தில ஏ.எல்லுக்கு வர்த்தகம் படிச்சனான் எண்டு உனக்குத் தெரியும்தானே. கலியாணம் முடிச்சு எட்டு வருசமா இந்தக் குசினிதான். ஒருநாள் வந்து, உன்ர பேரில ஒரு தொழில் பதியப்போறன் எண்டார். நான் சீலை உடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வைச்சனான். வங்கியில மனேச்சர் என்னை மேடம் எண்டு கூப்பிட்டவர். பெருமையாத்தான் இருந்தது. கண்ணூறு படும், ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டார். சொல்லேல்லை."

"வங்கிக் காட்?"

"அவற்ற பேர்சுக்குள்ள."

"வரி கட்டினதோ அக்கா? உன்ர பேரில?"

"எனக்குத் தெரியாது. ஒருக்காக் கேட்டனான். உனக்கு விளங்காது, நான் பாக்கிறன் எண்டார்."

லக்சிகா அக்காவுக்குப் பக்கத்தில் ஈரச் சட்டையோடு இருந்தாள். இன்று மண்டபத்தில் தனக்குக் கிடைத்ததும் இதே சொல்தான் என்று சொன்னாள்.

லக்சிகாவின் மனம் ஓடியது. அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது சேரவில்லையென்றால் கேள்வி வருவது அக்காவுக்கு. ஏழு பெண்களின் காசை வெட்டியது யார் என்று கேட்டால், பேப்பரில் நிற்பது அக்காவின் பெயர். முறைப்பாடு கொடுத்தால் முதலில் கூண்டில் ஏறப்போவது தன் சொந்த அக்கா. கொடுக்காவிட்டால் சுமித்திராவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? அக்காவை நினைச்சுப் பார் என்று பழத்தோலைப் போட்டுவிட்டு அத்தான் சொன்னாரே. எவ்வளவு தெரிந்து சொல்லியிருக்கிறார். மனைவியின் பெயரை எடுத்துத் தனக்கு முன்னால் மறைப்பாகக் கட்டிவைத்துவிட்டு, அந்த மறைப்பைக் காட்டியே மச்சாளை மிரட்டியிருக்கிறார்.

முறைப்பாடு கொடுக்கவில்லை அக்கா, நீ பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தாள்.

யதுர்ஷிகா முந்திக்கொண்டாள்.

"எத்தினை பிள்ளையள்?"

"என்னோட ஏழு. இப்ப ஆறு. சுமித்திரா போயிட்டாள்."

"ஏன் போனவள்?"

லக்சிகா சொன்னாள். பக்கத்து வீட்டில் விட்ட நாலு வயதுப் பிள்ளையைப் பற்றியும் சொன்னாள். யதுர்ஷிகா ஏணையைத் திரும்பிப் பார்த்தாள். தன் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர பேரில. என்ர பேரில நிண்டு, உழைச்ச பிள்ளையளின்ர காசை எடுத்திருக்கிறார்" என்றாள். அழுவாள் என்று லக்சிகா பயந்தாள். யதுர்ஷிகா அழவில்லை. எழும்பினாள். அடுப்பை அணைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"சுமித்திராவின்ர நம்பரை அடிச்சுத் தா."

"இப்ப அவள் வேலையில நிப்பாள்."

"சாப்பாட்டு நேரம்தானே. அடி."

இரண்டாவது தடவையில் சுமித்திரா எடுத்தாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. யதுர்ஷிகா குரலைச் செருமிக்கொண்டாள். அந்தக் குரலை லக்சிகா எட்டு வருசமாகக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வர்த்தக மன்றத் தலைவியாக மேடையில் ஏறிப் பேசிய அக்காவின் குரல்.

"நான் யதுர்ஷிகா கதைக்கிறன். குகதாசன்ர மனிசி. அந்தப் படவேலை என்ர பேரில இருக்கிற தொழில். நான்தான் முதலாளி. அது இவ்வளவு நாளும் எனக்கே வடிவாத் தெரியாது. உங்களிட்ட வெட்டின காசு வரியில்லை. அது உங்கட காசு. ஞாயிற்றுக்கிழமை காலமை மற்றப் பிள்ளையளோட என்ர வீட்டுக்கு வாங்கோ. மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கதைப்பம்."

சரிங்க, வாறேன் என்றாள் சுமித்திரா.

யதுர்ஷிகா போனைத் திருப்பிக் கொடுத்தாள். இனி அடுத்ததாக அந்த மிஸ்ஸைப் பார்க்க வேண்டும், என் பேரில் என்ன கட்ட இருக்கிறதென்று நானே போய்க் கேட்கிறேன் என்றாள். தண்டம் போடுவார்களே என்றாள் லக்சிகா. போடட்டும், நான் கட்ட வேண்டியதை நான் கட்டுவேன், அந்தப் பிள்ளைகள் கட்டத் தேவையில்லை என்றாள். கணக்கில் காசு கிடக்கிறதா என்று லக்சிகா கேட்டாள். அதுவும் தெரியவில்லை. வங்கிப் புத்தகத்தை அவள் கண்ணாலும் கண்டதில்லை.

அப்போது வெளியே வான் வண்டியின் ஹோர்ன் சத்தம் கேட்டது.

குகதாசன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். ஹோர்ன் அடித்தால் யதுர்ஷிகா ஓடிப்போய்க் கேற்றைத் திறக்க வேண்டும். கையில் மாவிருந்தாலும், குழந்தை அழுதாலும், அதுதான் இந்த வீட்டு வழக்கம். லக்சிகாவே பலமுறை கண்டிருக்கிறாள்.

யதுர்ஷிகா கூடத்துக்கு வந்து கதிரையில் இருந்தாள். சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

ஹோர்ன் இரண்டாம் முறை அடித்தது. இந்த முறை கொஞ்சம் நீளமாக. ஏணையில் குழந்தை சிணுங்கியது. லக்சிகா பழக்கதோசத்தில் எழும்பினாள். யதுர்ஷிகா அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள்.

"இரு. கேற் பூட்டியில்லை. அவர் இறங்கித் திறந்துகொண்டு வரட்டும்."

மழைக்குள் வண்டியின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கேற் கிறீச்சிட்டது. முற்றத்துத் தண்ணியில் காலடிகள் வந்துகொண்டிருந்தன. யதுர்ஷிகா வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

"வந்ததும் முதல்ல என்ர வங்கிக் காட்டைக் கேக்கப்போறன்" என்றாள்.